எட்டு ஆண்டுகளாகத் திட்டப் பகுதிக்குள்: ஒரு குடியிருப்பாளரின் அனுபவம்

எங்கள் வீட்டு முகப்புச் சுவரில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. சிவப்புக் கோடு எட்டு ஆண்டுகளுக்கு முன் நில அளவையாளர் போட்டது. "இதுவரை எடுப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று ஆண்டுகள் கழித்து வேறொருவர் வந்து, அதிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி நீலக் கோடு போட்டார். சிவப்பு எப்போதோ வெளிறிவிட்டது. நீலமும் இப்போது மங்கத் தொடங்கியிருக்கிறது. சுவர் அப்படியே நிற்கிறது.

நகரின் பழைய பகுதியைப் புதுப்பிக்கும் திட்டம் எங்கள் தெருவுக்கு வந்த கதை இது. அறிவிப்பு வந்த நாளில் மனமார வரவேற்றவன் நான். மழை பெய்தால் கழிவுநீர் வாசல்படி ஏறும் தெரு. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? இன்றும் நான் திட்டத்துக்கு எதிரானவன் அல்லன். எட்டு ஆண்டுகளாக அதற்குள் குடியிருந்து பார்த்ததை, இனி இதே நிலைக்கு வரப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கைக்குக் கிடைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சந்திப்பிலிருந்து ஏறத்தாழ இருநூறு அடி தூரத்துக்குப் புதிய நடைபாதையும் அதன் அடியில் வடிகாலும் முடிந்துவிட்டன. வேலை நேர்த்தியானது. கல் ஆடவில்லை, இரண்டு மழைக்காலங்களாக அங்கே நீர் தேங்கவில்லை, சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை இருக்கிறது. எதிர்வீட்டுப் பெண் யார் துணையும் இல்லாமல் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு அந்தத் துண்டின் கடைசிவரை போய்வருகிறாள். அதற்கு அப்பால் தகரத் தடுப்பு. அங்கே நின்று திரும்பிவிடுகிறாள். அதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாகிறது. நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள்தான் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தூசி, இரைச்சல், பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் நடப்பது எல்லாம் பழகிப்போகும். பழகாத ஒன்று உண்டு. தெரு முழுவதும் உறைந்துபோய்விட்டது. பக்கத்து வீட்டு மேல்மாடத்தின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். காரை பெயர்ந்து கம்பி துருவேறித் தெரிகிறது. முதல் ஆண்டில் அந்த வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். "தம்பி, இடிக்கப்போகிற சுவருக்கு யாராவது பூச்சு பூசுவார்களா?" என்றார். நியாயமான கேள்வி. அவர் பூசவில்லை, நானும் என் கூரையின் ஒழுக்கைச் சரிசெய்யவில்லை. வாடகைக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். விற்க நினைத்தவர்களுக்கு வாங்க ஆள் இல்லை, கட்ட நினைத்தவர்களுக்கு அனுமதி இல்லை. எங்கள் தெரு எட்டு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இன்று மோசமாக இருப்பதற்குக் காரணம் அதன் வயது மட்டும் அன்று. வரும் வரும் என்று சொல்லப்பட்ட மாற்றமே அதைப் பாழாக்கியிருக்கிறது.

இந்தக் காத்திருப்பு ஓர் இழப்பு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட நாடுகள் இருக்கின்றன. இங்கிலாந்தில், பொதுத் திட்டம் ஒன்றின் நிழல் விழுந்து நியாயமான விலைக்கு விற்க முடியாமல் போன வீட்டை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, உரிய அதிகார அமைப்பே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உரிமையாளர் அறிவிப்பு கொடுக்கலாம். 1990ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. எங்களிடம் இருப்பது இரண்டு கோடுகள் மட்டுமே.

தாமதத்துக்கான காரணங்களை ஒரு நாள் பள்ளத்தின் ஓரத்தில் நின்று இளம் பொறியாளர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். வரைபடத்தில் இல்லாத பழைய குடிநீர்க் குழாய் குறுக்கே வந்துவிட்டது. அதை மாற்ற வேண்டியது வேறொரு துறை. அந்த ஒப்புதல் வருவதற்குள் ஒப்பந்தக்காரரின் காலக்கெடு முடிந்தது, பொருள்களின் விலை ஏறியதால் பழைய தொகைக்கு வேலை செய்ய அவர் மறுத்தார், மறுபடியும் டெண்டர். பொறியாளர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் நம்புகிறேன். பழைய நகரங்களின் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று தோண்டும்வரை யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் இதை அவராக வந்து சொல்லவில்லை; நான் தேடிப்போய்க் கேட்டதால் தெரிந்தது. தெருமுனைப் பலகையில் முடிவு தேதியின் மேல் புதுத் தேதி ஒட்டுவதோடு தகவல் நின்றுவிடுகிறது. இப்போது மூன்றாவது தாள். விளிம்பில் நகத்தை வைத்தால் மூன்று அடுக்கும் தட்டுப்படும்.

மெதுவாக நடப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தின் பழைய துறைமுக நிலத்தில் எழும் ஹாஃபன்சிட்டி என்ற புதிய குடியிருப்பு, வணிகப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டில் பெருந்திட்டம் வகுத்தார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் வேலை நடக்கிறது. ஆனால் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக, பகுதி பகுதியாகக் கட்டி வருகிறார்கள். முடிந்த பகுதியில் மக்கள் குடியேறிவிடுகிறார்கள். எங்கள் பகுதியிலோ நான்கு தெருக்களையும் ஒரே மாதத்தில் தோண்டினார்கள். ஒன்றைக்கூட முடிக்கவில்லை. வேகத்தைப் பற்றியும் ஒரு சொல்: தென்கொரியத் தலைநகர் சியோலில் உயர்மட்டச் சாலையை இடித்து, மூடப்பட்டிருந்த சொங்கேசொன் ஓடையை 2003இல் தொடங்கி 2005இல் திறந்துவிட்டார்கள். அந்த வேகத்தில் இடம்பெயர்க்கப்பட்ட தெருவோர வியாபாரிகள் பட்ட பாடு பெரிது. ஆகவே இரண்டே ஆண்டுகளில் முடியுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு தெருவை முடித்துவிட்டு அடுத்ததைத் தோண்டுங்கள், எந்த வீடு எதுவரை போகும் என்பதை எழுத்தில் கொடுங்கள். இவ்வளவுதான்.

உங்கள் பகுதிக்கு அறிவிப்பு வந்துவிட்டதா? தோண்டுவதற்கு முன் வீட்டுச் சுவர்களை உள்ளும் புறமும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பின்னால் வரும் விரிசல் யாருடையது என்ற பேச்சு கட்டாயம் எழும். அளவெடுக்க வருபவரிடம் கையெழுத்திட்ட தாள் கேளுங்கள். கூட்டம் நடந்தால் "எப்போது முடியும்" என்று கேட்பதைவிட "எந்தத் தெரு முதலில் முடியும்" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எங்களுக்கு மூன்று பதில்கள் கிடைத்தன. இரண்டாவதைக் கேட்க எங்களுக்கு ஆறு ஆண்டுகள் தோன்றவே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழுதுபார்ப்பதை நிறுத்தாதீர்கள். போன மாதம் பக்கத்து வீட்டு மேல்மாடத்திலிருந்து உள்ளங்கை அகலக் காரைத் துண்டு ஒன்று, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கடந்த சற்று நேரத்தில் விழுந்தது. பெரியவர் வெகுநேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இடித்தால் இடிக்கட்டும் தம்பி, நாம் பூசிவிடுவோம்" என்றார். கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார். பெரியவர் வீட்டு வேலை முடிந்ததும் என் கூரை.