அப்பாச்சி 2.2-லிருந்து 2.4: பாஸ்வேர்டு கேட்காமல் போன கதை

சிம்மக்கல்லில் உட்கார்ந்துகொண்டு ஏழெட்டு மதுரைக் கடைகளின் இணையதளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். சர்வரில் ஓடிய இயங்குதளமான உபுண்டு 12.04-க்கான ஆதரவு 2017 ஏப்ரலோடு முடிந்ததால், வேறு வழியில்லாமல் ஒரு ராத்திரி 14.04-க்கு ஏற்றினேன். கூடவே, தளங்களை உலகுக்குக் காட்டும் வெப் சர்வர் மென்பொருளான அப்பாச்சியும் 2.2-லிருந்து 2.4 ஆனது. பழைய கான்ஃபிக் (அமைப்பு) கோப்பே இருக்கட்டுமா, புதியதைப் போடவா என்று நடுவில் கேட்டது. புதியது என்றேன். கான்ஃபிக்கைச் சோதித்துப் பார்த்தால் 'சின்டாக்ஸ் ஓகே', எழுத்தில் பிழையில்லை என்றது. தூங்கப் போய்விட்டேன்.

காலையில் சுங்குடிக் கடை அண்ணன் போன் செய்தார். "தம்பி, நம்ம கடையத் தொறந்தா 'இட் வொர்க்ஸ்'னு வருது. வேலை செய்யுதுன்னா சேலையெல்லாம் எங்கப்பா?"

சேலைகள் இருந்த இடத்தில்தான் இருந்தன. உபுண்டுவின் புதிய அப்பாச்சி, தளங்களுக்கான கோப்புகளில் 'டாட் கான்ஃப்' என்று முடிபவற்றை மட்டுமே படிக்கும். என் பழைய கோப்புகளுக்கு அந்த வால் கிடையாது. அதற்கு ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. பெயரை மாற்றி, தளத்தை மறுபடி இயக்கியதும் அடுத்தது 403, அதாவது 'அனுமதி இல்லை'. தளங்களை நான் ஹோம் அடைவில் (ஃபோல்டரில்) வைத்திருந்தேன். புதிய கான்ஃபிக் மேல்மட்டத்திலேயே எல்லாவற்றையும் மறுத்துவிடுகிறது. யாரை விடுவது என்று சொல்லும் பழைய 'ஆர்டர்', 'அலவ்' வரிகளை எடுத்துவிட்டு, எல்லோரையும் அனுமதிக்கும் 'ரிக்வயர் ஆல் கிராண்டட்' போட்டேன். பிழைகளைப் பதிந்து வைக்கும் எரர் லாகில் காரணம் பளிச்சென்று இருந்ததால் அது பத்து நிமிட வேலை. ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகளைக் கவனிக்கலாம் என்று சொல்லும் 'மேக்ஸ் கிளையன்ட்ஸ்' பெயர் மாறியதெல்லாம் பிரச்சினையே இல்லை, பழைய பெயரையும் ஏற்றுக்கொள்கிறது.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கடைக்குப் போனபோது கணக்குப் பார்க்கும் பையன் சொன்னான்: "இப்பல்லாம் ஸ்டாக் பக்கம் பாஸ்வேர்டே கேக்குறதில்லண்ணே. சுளுவா இருக்கு."

வயிற்றைக் கலக்கிவிட்டது. ஸ்டாக் பக்கம் இருந்த அடைவுக்குப் பூட்டு போட்டிருந்தது, அதற்குள்ளேயே வைத்த 'டாட் எச்டி-ஆக்சஸ்' என்ற கோப்பு. அதை மதிக்கலாமா என்று சொல்லும் 'அலவ் ஓவர்ரைடு' வரியைக் கான்ஃபிக்கில் எழுதாவிட்டால் 2.2 அந்தக் கோப்பைப் படிக்கும், 2.4 படிக்காது. என் கான்ஃபிக் கோப்பில் அந்த வரியே இல்லை. ஆக இரண்டு வாரமாகக் கொள்முதல் விலை உட்பட எல்லாம் திறந்த வீடு. யார் வந்து பார்த்தார்கள் என்று பதியும் ஆக்சஸ் லாகைத் துழாவினேன். நல்லவேளை, கடையின் ஐபி (இணைய முகவரி) தவிர வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்றே பூட்டு வரிகளைத் தளத்தின் கான்ஃபிக்குக்குள்ளேயே எழுதினேன். இதற்கெல்லாம் நடுவிலும் சோதனை 'சின்டாக்ஸ் ஓகே' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

அப்புறம் 16.04, 18.04 என்று 22.04 வரை ஏற்றியாயிற்று. இன்றும் 2.4 தான், அன்று எழுதிய வரிகள் அப்படியே ஓடுகின்றன. தளங்கள் எழுதப்பட்ட பிஎச்பி மொழிக்கான மாட்யூலின் பதிப்பு எண் மாறும்போது மட்டும் சர்வர் எழுந்திருக்க மறுக்கும். அது எனக்குப் பிடித்த வகைக் கோளாறு, உடனே தெரிந்துவிடும். ஏற்றி முடித்ததும் இப்போது நான் முதலில் திறப்பது முகப்பை அல்ல, லாகின் இல்லாத பிரவுசரில் அந்த ஸ்டாக் பக்கத்தை. பாஸ்வேர்டு கேட்டால்தான் காபி.

பையனுக்கு மட்டும் இன்னும் குறை: "மறுபடியும் ஏண்ணே பூட்டுனீங்க?"