மண்புழு விற்றுத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

“உரம் தயாரிக்கும் சிவப்பு மண்புழு, கிலோ 600 ரூபாய். மூன்று மாதத்தில் இரட்டிப்பாகும். பெருகியதைக் கிலோ 350 ரூபாய்க்கு நாங்களே எடுத்துக்கொள்வோம், தூண்டில் இரையாக வெளிநாட்டுக்குப் போகிறது.” இப்படி ஒரு விளம்பரம் எங்கள் ஈரோட்டுப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது சுற்றுகிறது. அதை நம்பி ஐந்து கிலோவுக்குப் பணம் அனுப்பினேன். மாடித் தோட்டத்துக்கு உரமும், பவானி ஆற்றில் தூண்டில் போட இரையும் கிடைத்தால் போதும் என்பதுதான் என் தேவை. இன்னும் யாரும் பணம் கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சித்திரை வெயிலில், காற்றுப் புகாத பிளாஸ்டிக் சாக்கில் கட்டி, பஸ் பார்சலில் அனுப்பியிருந்தார்கள். வாயைத் திறந்ததும் அழுகல் நாற்றம். பிளாஸ்டிக் விரிப்பில் கூம்பாகக் கொட்டி வெளிச்சத்தில் வைத்தேன். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, அடியில் இறங்கிவிடும். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வழித்தெடுத்துக்கொண்டே வந்தால் கடைசியில் புழு மட்டும் திரண்டு நிற்கும். எடை போட்டுப் பார்த்தால், உயிருள்ள புழு ஒரு கிலோகூடத் தேறவில்லை. மற்றதெல்லாம் தண்ணீர் ஊறிய சாணமும் தென்னை நார்க்கழிவும். கிலோ 600 ரூபாய்க்கு விற்றது பெரும்பாலும் அந்த ஈரத்தைத்தான்.

அதைவிட மோசம், அந்தப் புழுக்களில் பாதிக்கு மேல் உரப் புழுவே இல்லை. விற்றவர் சொன்ன இனம் ஐசீனியா ஃபெடிடா. செம்பழுப்பு உடலில் வளையத்துக்கு வளையம் மஞ்சள் கோடு தெரியும், கையில் பிடித்தால் நெடியுள்ள மஞ்சள் நீர் கசியும். சாக்கில் இருந்தவை வெளிறிய, நீளமான, வயல் மண்ணில் வாழும் புழுக்கள். மண்புழுக்களில் மட்கும் குப்பையிலேயே குடியிருந்து அதையே தின்று பெருகும் இனங்கள் உண்டு. மண்ணுக்குள் வளை போட்டு வாழும் இனங்களும் உண்டு. இரண்டாவது வகையைக் காய்கறிக் கழிவும் சாணமும் மட்டும் உள்ள தொட்டியில் விட்டால் ஒன்று வெளியேறப் பார்க்கும், இல்லாவிட்டால் சாகும். எங்கள் தொட்டியிலும் அதுதான் நடந்தது. காலையில் பார்த்தால் தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தரையில் கிடந்து காய்ந்திருந்தன. பாவம், அந்த உயிர்களை ஏதோ வாய்க்கால் ஓரத்திலிருந்து தோண்டியெடுத்து மூட்டை கட்டியிருக்கிறார்கள்.

போனில் கேட்டபோது முதலில் “கலப்பு இனம்தான் சார் வீரியம்” என்றார். பிறகு, புதுச் சாணம் போட்டதால் சூடேறிச் செத்திருக்கும் என்றார். புதுச் சாணம் சூடேறும், புழுவைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் நான் போட்டது நன்றாக ஆறிய பழைய சாணம், தொட்டிக்குள் கைவிட்டால் சூடே இல்லை. படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த நாளிலிருந்து என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

திரும்ப வாங்கிக்கொள்வோம் என்ற வாக்குறுதியைத்தான் நீங்கள் எல்லாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நூறு பேர் ஆளுக்கு ஐந்து கிலோ வாங்கினால் விற்பவருக்கு வருவது 3 லட்சம். அவர் சொல்கிறபடியே மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரட்டித்தால் ஒரு வருடத்தில் ஐந்து கிலோ 80 கிலோவாகும், நூறு பேரிடம் 8,000 கிலோ. கிலோ 350 என்றால் அவர் 28 லட்சம் தர வேண்டும். அவ்வளவு புழுவை யார் வாங்குவார்கள்? பவானியிலும் காவிரியிலும் கெண்டைக்கும் கெளுத்திக்கும் தூண்டில் போடுகிறவர்கள் மாட்டுக் கொட்டகை ஓரம் தோண்டி எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே இரைப் புழுவுக்கு அப்படி ஒரு சந்தை கிடையாது. புதிதாகச் சேருகிறவர்தான் வாங்குபவர். அந்த வரவு நின்ற அன்றே எல்லாம் நின்றுவிடும். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் இதே மண்புழுவை வைத்து, இதே வாக்குறுதியோடு நடந்த ஒரு நிறுவனம் 2003-ல் திவாலானது. அவ்வளவு தூரம் போவானேன், 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழியை நம்பி நிலத்தையும் நகையையும் அடகு வைத்து ஏமாந்தவர்கள் நம் மாவட்டத்துக்காரர்கள்தானே!

புழு வேண்டும் என்பவர்கள் வேளாண் அறிவியல் நிலையங்களில் முதலில் கேளுங்கள். பல இடங்களில் புழுவும் தருகிறார்கள், பயிற்சியும் தருகிறார்கள். தனியாரிடம் என்றால் நேரில் போய், படுக்கையைக் கிளறிக் காட்டச் சொல்லி, புழுவை மட்டும் பிரித்து எடை போடச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு வீட்டுத் தொட்டிக்கு அரைக் கிலோ தாராளம். ஐசீனியா மாதிரி வெளிநாட்டு இனம்தான் வேண்டும் என்பதும் இல்லை. மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர் இனங்களைக் கொண்டே உரம் தயாரிப்பதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். ஐசீனியாவுக்கு நம் கோடை கடினம், 35 டிகிரியைத் தாண்டினால் தாங்காது. நிழலும் ஈரச்சாக்கும் இல்லாமல் வைக்கவே முடியாது.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் பணம் அனுப்பிய விவரம், விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். “நீங்கள் வியாபாரத்துக்காக வாங்கினீர்கள், நுகர்வோரே அல்ல” என்று அவர்கள் வாதிடலாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். நான் புகார் கொடுத்துவிட்டேன். அதே ஆளிடம் ஏமாந்தவர்கள் தனித்தனியாகப் புகார் கொடுத்தால் வழக்குக்கு வலு கூடும்.