தொடக்க நிறுவனத்துக்கு எந்த பேமென்ட் கேட்வே? சில வருடம் பயன்படுத்திய பிறகு ஒரு பகிர்வு

மாதச் சந்தாவில் ஓடும் ஒரு சிறிய மென்பொருள் சேவையை நானும் இரண்டு நண்பர்களும் நடத்துகிறோம். வாடிக்கையாளரின் கார்டிலிருந்து பணத்தை வாங்கி நம் வங்கிக் கணக்கில் சேர்க்கும் இடைச் சேவைதான் பேமென்ட் கேட்வே. ஒன்றில் தொடங்கி, அப்புறம் இன்னொன்றுக்கு மாறினோம். இப்போது இரண்டாவதுதான் முக்கியமாக ஓடுகிறது. முதலாவதை அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறோம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று யாராவது கேட்டால், எல்லாரும் முதலில் ஒப்பிடும் கமிஷன் சதவீதத்தைக் கடைசியாகப் பாருங்கள் என்கிறேன். பணம் வந்ததா வரவில்லையா என்று தெரியாமல் ஒரு பரிவர்த்தனை நடுவில் நிற்கும்போது அந்த கேட்வே எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாடிக்கையாளர் கார்டு விவரம் கொடுத்து ஓடிபியும் போட்டுவிட்டார் என்று வையுங்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய இணைய இணைப்பு அறுந்துவிட்டது. வங்கியில் பணம் பிடித்தாகிவிட்டது, ஆனால் அவர் நம் தளத்துக்குத் திரும்பி வரவே இல்லை. நம் கணக்கில் அந்த ஆர்டர் நிலுவையில் கிடக்கிறது. பணம் போன பதற்றத்தில் அவர் மறுபடியும் கட்டுகிறார். இது எப்போதாவது நடக்கும் அதிசயம் இல்லை, கைப்பேசியில் பணம் கட்டுகிறவர்களிடம் அடிக்கடி நடப்பதுதான். அதனால் பிரவுசர் திரும்பி வருவதை நம்பி ஆர்டரை உறுதி செய்யக் கூடாது. கேட்வேயின் சர்வர் நம் சர்வரை நேரடியாகத் தொடர்புகொண்டு நிலவரத்தைச் சொல்லும் வெப்ஹூக்கைத்தான் நம்ப வேண்டும்.

முதல் கேட்வேயின் வெப்ஹூக் ஒரு தடவை வந்து சேரவில்லை என்றால் அவ்வளவுதான், மறுபடி வராது. நிலுவையில் உள்ள ஒவ்வொரு ஆர்டரையும் நாங்களே அவர்களுடைய ஏபிஐயிடம் (நம் நிரல் அவர்கள் சர்வரோடு பேசும் வழி) திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது கேட்வே, நம் சர்வர் 200 (செய்தி கிடைத்தது என்பதற்கான குறியீடு) என்று பதில் தரும்வரை இடைவெளி விட்டுவிட்டு அனுப்பிக்கொண்டே இருக்கும். எது போய்ச் சேரவில்லை என்பது டாஷ்போர்டில் தெரியும். அங்கிருந்தே மறுபடி அனுப்பலாம். வாடிக்கையாளர்களிடமிருந்து "பணம் போச்சு, கணக்கு திறக்கலை" என்று வரும் மின்னஞ்சல்கள் மாறிய பிறகு கண்கூடாகக் குறைந்தன.

இதில் நம் பக்க வேலையும் உண்டு. ஒரே செய்தி இரண்டு தடவை வரலாம், வரிசை மாறியும் வரலாம். ஒவ்வொரு செய்தியின் அடையாள எண்ணையும் சேமித்து, ஏற்கெனவே பார்த்ததை ஒதுக்க வேண்டும். செய்தியோடு வரும் கையொப்பத்தைச் சரிபார்க்காமல் எதையும் ஏற்கக் கூடாது. இல்லாவிட்டால் நம் முகவரி தெரிந்த யாரும் 'பணம் வந்துவிட்டது' என்று பொய்ச் செய்தி அனுப்பிவிடலாம். ஐடெம்பொடன்சி கீ வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே கோரிக்கை இரண்டு தடவை போனாலும் பணம் ஒரு தடவைதான் பிடிக்கப்படும் என்று உறுதி தருவது அதுதான். அது இல்லாத கேட்வேயை நான் பரிசீலிக்கவே மாட்டேன்.

உண்மைப் பணம் இல்லாமல் முயன்று பார்க்கத் தரும் சாண்ட்பாக்ஸைச் சோதிக்கும்போது வெற்றி பெறும் கார்டை விட்டுவிடுங்கள், அது எல்லாரிடமும் வேலை செய்யும். இருப்பு போதாத கார்டு, காலாவதியான கார்டு, த்ரீ-டி செக்யூரில் (ஓடிபி போன்ற வங்கிச் சரிபார்ப்பில்) தோற்கும் கார்டு என்று தோல்விகளுக்குத் தனித்தனிச் சோதனை எண்கள் தருகிறார்களா என்று பாருங்கள். தொகையை எந்த அலகில் அனுப்பச் சொல்கிறார்கள் என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். பலர் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகக் கேட்பார்கள். ஜப்பானிய யென்னுக்குத் தசம இடமே கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இடம். எல்லா நாணயத்தையும் நூறால் பெருக்கும் நிரல் இந்த இரண்டிலும் தவறான தொகையை அனுப்பிவிடும்.

செட்டில்மென்ட், அதாவது வசூலான பணம் நம் வங்கிக்கு வந்து சேரும் விஷயத்தில், டி+2, டி+3 (பரிவர்த்தனைக்குப் பின் இரண்டு, மூன்று வேலை நாள்) என்ற எண்ணைவிட அறிக்கைதான் முக்கியம். கமிஷன், ரீஃபண்ட் எல்லாம் கழித்து ஒரே மொத்தமாகப் பணம் வங்கியில் விழும். அந்த மொத்தத்துக்குள் எந்தெந்தப் பரிவர்த்தனை இருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும் அறிக்கை இல்லையென்றால், மாதக் கடைசியில் கணக்கு பார்ப்பவர் பாடு திண்டாட்டம். புதிய நிறுவனம் என்றால் வரவில் ஒரு பங்கைப் பல மாதம் பிடித்துவைக்கும் ரோலிங் ரிசர்வ் விதி ஒப்பந்தத்தில் இருக்கலாம். கையெழுத்துப் போடும் முன் அதைத் தேடிப் படியுங்கள். கையில் பணம் குறைவாக இருக்கும் ஆரம்ப மாதங்களில்தான் அது கழுத்தை நெரிக்கும்.

சார்ஜ்பேக் பற்றி ஒன்று. வாடிக்கையாளர் தன் வங்கியிடம் புகார் கொடுத்து, கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவதுதான் அது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள் வரை வாடிக்கையாளர் புகார் கொடுக்கலாம். எங்களுக்கு வந்த புகார்களில் பல மோசடியே இல்லை. கார்டு அறிக்கையில் எங்கள் பதிவுப் பெயர் வந்தது. சேவையின் பெயரை மட்டுமே அறிந்தவர்களுக்கு அது யாரென்றே தெரியவில்லை. அந்தப் பெயரை மாற்ற முதல் கேட்வே இடம் தரவில்லை. இரண்டாவதில் பொதுவாக 22 எழுத்துக்குள் நாமே வைத்துக்கொள்ளலாம். சேவையின் பெயரைப் போட்டதும் அந்த வகைப் புகார்கள் ஏறக்குறைய நின்றுவிட்டன.

பாதுகாப்புக்கு, கேட்வே தரும் பக்கத்திலேயோ, நம் பக்கத்துக்குள் பதிக்கும் அவர்களுடைய ஐஃப்ரேம் சட்டத்திலேயோ கார்டு எண்ணை வாங்கிவிடுங்கள். எண் நம் சர்வரைத் தொடாதவரை பிசிஐ டிஎஸ்எஸ் என்ற கார்டு தரவுப் பாதுகாப்பு விதிகளில் நம் பங்கு மிகவும் சுருங்கிவிடும்.

சந்தா நடத்துகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று: 'நாங்கள் விலகினால், சேமித்த கார்டுகளைப் புதிய கேட்வேக்கு மாற்றித் தருவீர்களா?' கார்டு எண் அவர்கள் பெட்டகத்தில் இருக்கிறது, நம்மிடம் இருப்பது அதற்குப் பதிலாக அவர்கள் தந்த அடையாளக் குறியீடு, வெறும் டோக்கன். அந்த டோக்கன் வேறெங்கும் செல்லாது. பிசிஐ தகுதி பெற்ற இரண்டு நிறுவனங்கள் தங்களுக்குள் இந்தத் தரவைப் பாதுகாப்பாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. எங்கள் முதல் கேட்வே அதற்கு இழுத்தடித்து, கடைசியில் மறுத்துவிட்டது. சந்தாதாரர் ஒவ்வொருவரிடமும் கார்டை மறுபடி பதியச் சொல்ல வேண்டியிருந்தது. நம்மோடு மகிழ்ச்சியாக இருந்தவர்களில் சிலர் அந்த ஒரு படியிலேயே போய்விட்டார்கள். இன்றும் எனக்கு ஆறாத விஷயம் இது. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, கமிஷன். விளம்பரத்தில் வரும் சதவீதம் உள்ளூர் கார்டுக்கானது. வெளிநாட்டுக் கார்டுக்குக் கூடுதல் கட்டணம், நாணய மாற்றத்தில் ஒரு வெட்டு, சார்ஜ்பேக்குக்குத் தனிக் கட்டணம் எல்லாம் இருக்கும். பல இடங்களில் ரீஃபண்ட் கொடுத்தாலும் முதலில் எடுத்த கமிஷன் திரும்பி வராது. உங்கள் விற்பனையின் உண்மையான கலவையை வைத்துக் கணக்குப் போட்டால், மலிவாகத் தெரிந்தது விலை கூடியதாக மாறவும் கூடும்.

இப்போதைய கேட்வேயிலும் குறைகள் உண்டு. அறிக்கைகள் நம் உள்ளூர் நேரத்தில் இல்லாமல் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வருகின்றன. மாதத்தின் கடைசி நாள் விற்பனை எங்கள் கணக்கோடு தானாகப் பொருந்தாது, கையால் நகர்த்த வேண்டும். தொலைபேசி உதவி கிடையாது. மின்னஞ்சலில் முதலில் வருவது ஆயத்தப் பதில்தான், இரண்டாவது கேள்விக்குத்தான் விஷயம் தெரிந்தவர் வருகிறார். ஆனால் அப்படி வருகிறவர் பரிவர்த்தனை எண்ணைத் திறந்து பார்த்து, எந்த வங்கி எந்தக் காரணக் குறியீட்டோடு மறுத்தது என்று சொல்கிறார். அதனால் இந்த வருடமும் இதிலேயே தொடர்கிறோம்.