வாக்குப் பெற்று வந்த ட்ரஸ்டியா, அமைச்சர் அனுப்பிய மேற்பார்வையாளரா?

கனடாவின் ரொறன்ரோப் பகுதித் தமிழ் அரசியல்வாதி நீதன் சாண் முதலில் வென்ற தேர்தல் 2006இல் நடந்தது. மார்க்கம் பகுதியிலிருந்து, பொதுப் பள்ளிகளை நடத்தும் யோர்க் பிராந்தியக் கல்விச் சபைக்கு ட்ரஸ்டியாக, அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினராகப் போனார். அதன்பிறகு அவர் நின்ற தேர்தல்களை எண்ண ஒரு கை விரல்கள் போதாது. மாகாண சட்டமன்றத்துக்குப் பல தடவை நின்றும் கிடைக்கவில்லை. 2016 ஜனவரியில் ரொறன்ரோ கல்விச் சபைக்கு இடைத்தேர்தல் வந்தது, வென்றார். 2017 பெப்ரவரியில் மாநகர சபைக்கு இடைத்தேர்தல், அதிலும் வென்றார். 2018இல் 47 ஆக இருக்க வேண்டிய மாநகர சபை இடங்களை மாகாண அரசு 25 ஆகக் குறைத்தபோது சொற்ப வாக்குகளில் தோற்றார். 2022இல் திரும்பவும் கல்விச் சபை. 2024இல் அதன் தலைவர். 2025 செப்டெம்பரில் ஸ்காபரோ-ரூஜ் பார்க் இடைத்தேர்தலில் வென்று மறுபடியும் மாநகர சபைக்குப் போய்விட்டார்.

அந்தக் கடைசி இரண்டு கட்டங்களுக்கு நடுவில்தான் இந்தக் கட்டுரைக்கான விஷயம் இருக்கிறது. 2025 ஜூன் கடைசியில் ஒன்ராறியோ கல்வி அமைச்சர் போல் கலாண்ட்ரா, ரொறன்ரோ கல்விச் சபை உட்பட நான்கு சபைகளை ஒரே நாளில் மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தார். ரொறன்ரோவில் மக்கள் தேர்ந்தெடுத்த 22 பேருடைய அதிகாரம் ரோஹித் குப்தா என்ற ஒருவரிடம் போனது. அவரைத் தேர்ந்தெடுத்தது அமைச்சர். ஒரு பக்கம் வாக்குப் பெற்று வந்த ட்ரஸ்டி, மறுபக்கம் நியமனம் பெற்று வந்த மேற்பார்வையாளர். நம் பிள்ளைகளுக்கு எது நல்லது?

பணத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அரசு சொன்ன முதல் காரணம் அதுதான். சபைகள் வரவுக்கு மீறிச் செலவு செய்கின்றன என்றார்கள். ஆனால் 1997இல் ஒன்ராறியோவின் அன்றைய முதல்வர் மைக் ஹரிஸின் அரசு கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு, கல்விச் சபைகளால் சொந்தமாக வரி போட முடியாது. வருமானத்தின் மிகப் பெரும்பகுதியை மாகாணம்தான் தீர்மானிக்கிறது. கணக்கைச் சமன் செய்யும் பொறுப்பு மட்டும் சபையின் தலையில். 2002இலும் இதே சண்டைதான்: ரொறன்ரோ, ஒட்டாவா, ஹமில்ட்டன் சபைகள் வெட்டுச் செலவுத்திட்டத்துக்குக் கையெழுத்துப் போட மறுத்தன, அரசு மேற்பார்வையாளர்களை அனுப்பியது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் அவர்கள் போனார்கள்.

செலவில் மேற்பார்வையாளர் சிக்கனம் என்றும் சொல்ல முடியாது. அவர்களுக்கு ஆண்டுக்கு 350,000 டொலர் வரை ஊதியம் என்று செய்திகள் வந்தன. ட்ரஸ்டி பெறுவதோ ஒரு பகுதிநேர வேலைக்கான மதிப்பூதியம்தான்.

இங்கே ட்ரஸ்டிகளுக்கு எதிரான வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2024இல் பிராண்ட் ஹால்டிமண்ட் நோர்ஃபோக் கத்தோலிக்கச் சபையின் உறுப்பினர்கள் நான்கு பேர் சமயச் சிற்பங்கள் வாங்க இத்தாலிக்குப் பறந்தார்கள். பயணச் செலவு மட்டும் சுமார் 45,000 டொலர். அதை எவராலும் நியாயப்படுத்த முடியாது. யோர்க் சபையில் ஒரு கறுப்பினத் தாயைப் பற்றி இனவெறிச் சொல் சொன்ன உறுப்பினரை வீட்டுக்கு அனுப்பச் சட்டத்தில் வழியே இருக்கவில்லை. பெற்றோர் கூட்டம் கூட்டமாகப் போய்க் கேட்ட பிறகுதான் 2017இல் அவர் பதவி விலகினார். அதேநேரம் 2024இல் நம் கோபத்தைக் கிளறிய இன்னொரு செய்தி, ரொறன்ரோவின் ரோஜர்ஸ் சென்டர் ஹோட்டலில் தேம்ஸ் வலி (Thames Valley) கல்விச் சபையின் மூன்று நாள் கூட்டம். சுமார் 40,000 டொலர். அங்கே தங்கியவர்கள் ட்ரஸ்டிகள் அல்லர், சம்பளம் வாங்கும் உயரதிகாரிகள். இந்த இரண்டு கதைகளையும் ஒன்றாகக் கலந்து "ட்ரஸ்டிகளே வேண்டாம்" என்று பேசும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

சரி, பெற்றோர் பக்கத்துக்கு வருவோம். என் கருத்தில் முடிவாகும் இடம் இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாடிக் கட்டடத்தில் ஒரு தங்கச்சி, சிறப்புத் தேவையுள்ள மகனின் பள்ளி பஸ் நிறுத்தத்தைத் தெருவின் மறுகரைக்கு மாற்றிவிட்டார்கள் என்று கடிதத்தோடு வந்து நின்றாள். "அக்கா, இதுக்கு நான் ஆரோட கதைக்கிறது?" பள்ளியைக் கேட்டால் பஸ் கம்பனியைக் காட்டினார்கள், கம்பனி சபையைக் காட்டியது. கையில் கைக்குழந்தை, ஆறு வழிப் பாதை, நவம்பர் குளிர். சமையலறை மேசையில் உட்கார்ந்து ட்ரஸ்டியின் அலுவலகத்துக்கு எடுத்தோம். மாலையிலேயே உதவியாளர் திருப்பி அழைத்தார். பிள்ளையின் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டு வாரத்தில் நிறுத்தம் பழைய இடத்துக்கு வந்தது. அந்த அலுவலகம் ஏன் திருப்பி அழைத்தது? எங்கள் கட்டடத்தில் 200 வீடுகள் இருக்கின்றன, நான்கு ஆண்டுக்கு ஒரு தடவை ட்ரஸ்டி அங்கே வாக்குக் கேட்டுக் கதவு தட்ட வர வேண்டும்.

மேற்பார்வையாளர் எவர் கதவையும் தட்டத் தேவையில்லை. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் வேறு. 2025 கடைசியில் அமைச்சே இந்த ஓட்டையை ஒத்துக்கொண்டது மாதிரி ஒன்றைச் செய்தது: மேற்பார்வையிலுள்ள சபைகள் மாணவர், குடும்ப உதவி அலுவலகம் ஒன்றைத் திறக்க வேண்டும் என்று அறிவித்தது. அலுவலகம் இருப்பது நல்லது. ஆனால் அங்கே உட்காருபவரை வாக்குச்சீட்டால் மாற்ற நமக்கு வழியில்லை.

மற்ற இடங்கள் என்ன செய்தன? நோவா ஸ்கோஷியா 2018இல் ஆங்கிலக் கல்விச் சபைகள் ஏழையும் கலைத்துவிட்டது. பிரெஞ்சு மொழிச் சபை மட்டும் தப்பியது, அதற்கு அரசியலமைப்புக் காவல் உண்டு. ஒன்ராறியோவில் கத்தோலிக்கச் சபைகளுக்கும் அப்படிப்பட்ட காவல் இருப்பதால், கலைப்பு வந்தால் முதலில் அடிபடுவது பொதுச் சபைகள்தான், அதாவது நம் பிள்ளைகளில் பெரும்பாலானோர் படிக்கும் இடம்.

சிக்காகோ எதிர்த்திசையில் போனது. 1995 முதல் அங்கே மேயர்தான் சபையை நியமித்தார். 2013இல் அந்த நியமனச் சபை ஒரே மூச்சில் சுமார் 50 பள்ளிகளை மூட முடிவெடுத்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள். பெற்றோர் விடவில்லை, ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். கடைசியில் 2024 நவம்பரில் முதல் கல்விச் சபைத் தேர்தல் நடந்தது, 21 இடங்களில் 10க்கு. நியமனத்தை முப்பது ஆண்டு அனுபவித்துப் பார்த்த ஒரு நகரம் தேர்தலைக் கேட்டு வாங்கியது. நாம் கையிலிருப்பதைக் கொடுக்கும் முன் அதைப் பார்க்க வேண்டும்.

நம் சமூகத்துக்கென்று இன்னொன்றும் உண்டு. ஒன்ராறியோவில் ட்ரஸ்டி தேர்தலில் நிற்கக் கட்டணம் 100 டொலர். கட்சி அனுமதி தேவையில்லை, வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரும் வராது. அகதியாக வந்து இங்கே படித்த ஒரு தலைமுறைக்கு அரசியலின் முதல் படி இதுதான். யுவனிற்றா நாதன் பல ஆண்டுகள் யோர்க் சபையில் இருந்துவிட்டு 2022இல் மார்க்கம் நகரசபைக்கும், 2025இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். பார்த்தி கந்தவேள் ரொறன்ரோ கல்விச் சபையிலிருந்து 2023 இடைத்தேர்தலில் மாநகர சபைக்குப் போனார். இதைப் படிக்கட்டாக மட்டும் பாவிக்கிறார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு. நீதன் சாண் மாநகர சபையில் தோற்ற பிறகு திரும்பி வந்ததும் இந்தக் கல்விச் சபைக்குத்தான், எனவே அந்தக் குறையை நான் முழுதாக ஏற்கவில்லை.

எனக்கு ட்ரஸ்டி வேண்டும், ஆனால் இன்றிருக்கும்படியே அல்ல. பயணச் செலவு ஒவ்வொன்றும் முன்கூட்டியே பொதுவில் வர வேண்டும். மக்களை அவமதித்த ட்ரஸ்டியைப் பதவிக்காலம் முடியும் முன்பே நீக்கத் தொகுதி மக்களுக்கு வழி வேண்டும். தேர்தல் அன்று மேயரின் பெயரில் அடையாளமிட்டுவிட்டு ட்ரஸ்டி பகுதியை வெறுமையாக விடும் நம் வீட்டு ஆட்களிடமும் நான் இதைத்தான் கேட்கிறேன்: அங்கேயும் ஒரு பெயரைத் தேடிப் பார்த்து அடையாளமிட்டு வாருங்கள்.