கல்யாண போட்டோ 612: வாட்ஸ்அப்பா, டெலிகிராமா, கூகுள் லிங்க்கா?

அக்கா மகள் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் போட்டோகிராபர் பென்டிரைவைக் கொடுத்தார். 612 படங்கள், ஒவ்வொன்றும் 7, 8 எம்பி. "எல்லாருக்கும் அனுப்பிடுடா தம்பி" என்று சொல்லிவிட்டு அக்கா பாத்திரக் கணக்கு பார்க்கப் போய்விட்டாள். மதுரையில் பெரியம்மா, திருச்சியில் சித்தப்பா, சிங்கப்பூரில் மாப்பிள்ளையின் அண்ணன். நான்கரை ஜிபியை எந்த வழியாக அனுப்புவது?

கை முதலில் போனது வாட்ஸ்அப்புக்குத்தான். குடும்பக் குழு ஏற்கெனவே இருக்கிறது, யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். நீளமான பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலுக்கு இறங்கிவிடும். போனில் பார்க்கிற வரை தெரியாது. அதையே 18 அங்குல நீளத்துக்கு பிரிண்ட் போட்டால் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூட வராது, முகூர்த்தப் புடவையின் ஜரிகை மஞ்சள் பட்டையாகிவிடும். 2023இல் வந்த எச்டி பட்டனை அழுத்தினால் பரவாயில்லை. அசல் அப்படியே போக வேண்டுமென்றால் படத்தை டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஒரு ஃபைல் 2 ஜிபி வரை போகும்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு ஒளிந்திருக்கலாம். போட்டோவாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் கூடவே போகும். மண்டபம் எங்கே என்று ஊருக்கே தெரியும், சரி. வீட்டு வாசலில் எடுத்த குழந்தை படத்துக்கு அப்படி இல்லை.

அதைவிடப் பெரிய தலைவலி இடம். சித்தப்பாவின் போன் 32 ஜிபி, அதில் பாதி காலை வணக்க ரோஜாப்பூக்கள். இதில் நான்கரை ஜிபியை எங்கே வைப்பார்? அழித்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தேடினால், பெரும்பாலும் மறுபடி அனுப்பச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கும்.

டெலிகிராமில் அந்தத் தொல்லை இல்லை. படங்கள் அவர்களுடைய சர்வரிலேயே இருக்கும், வேண்டும்போது எந்தக் கருவியிலும் இறக்கிக்கொள்ளலாம். சேனல் தொடங்கிப் போட்டுவிட்டால் பிறகு சேருகிறவரும் முதல் படத்திலிருந்து பார்க்கலாம், ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. இங்கேயும் ஃபைலாக அனுப்பினால்தான் அசல் தரம். ஆனால் வாட்ஸ்அப்பில் இருக்கிற முனைக்கு முனை மறையாக்கம், அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் யாரும் பார்க்க முடியாத பூட்டு, இங்கே படம், செய்தி அனுப்புவதில் ரகசிய அரட்டைக்கு மட்டும்தான். வசதியில் என் ஓட்டு இதற்குத்தான். பெரியம்மாவின் ஓட்டு வேறு: "இன்னொரு ஆப்பா? ஓடிபி எல்லாம் கேக்குமே!" நான்கு பேருக்குப் போட்டுக் கொடுத்தேன், இரண்டு பேர் இன்றுவரை திறக்கவில்லை.

கடைசியில் கூகுள் போட்டோஸ் ஆல்பம்தான். ஏற்றும் முன் 'ஒரிஜினல் குவாலிட்டி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இலவச இடம் 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்து. 2021 ஜூன் முதல் ஏற்றுகிற எல்லாப் படங்களும் அந்தக் கணக்கில்தான் வரும். அது நிரம்பினால் மெயில் வருவதும் நின்றுவிடும், அதனால் கணக்குப் பார்த்து ஏற்றுங்கள். என்னுடையதில் 9 ஜிபி ஏற்கெனவே போயிருந்தது, தப்பித்தேன். லிங்க்கைத் தொட்டால் பிரவுசரிலேயே திறக்கும், யார் போனிலும் இடம் பிடிக்காது. ஆனால் லிங்க் கையில் இருக்கிற யாரும் பார்க்கலாம். அது எந்தெந்தக் குழுவுக்குப் போய்ச் சேரும் என்று யார் கண்டது? ஒரு மாதம் கழித்து லிங்க்கை அணைத்துவிடுவதாகக் குழுவில் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அப்புறம், பத்தே பத்து நல்ல படங்களை எச்டியில் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே லிங்க்கை ஒட்டினேன். மற்றவர்களும் படம் சேர்க்கலாம் என்கிற வசதியை மட்டும் அணைக்க மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் ஆல்பத்தில் 613 படங்கள். கடைசிப் படம் சித்தப்பாவின் ரோஜாப்பூ.