வாடகைக்கு ஒரு மணி நேரமா, பாட்காஸ்ட்டா? இண்டியானாவில் உள்ளூர் வலதுசாரி டாக் ஷோ நடத்துபவனின் கணக்கு

டல்லாஸ் பக்கம் இருக்கும் ஒரு தம்பி போன வாரம் கூப்பிட்டான். "அண்ணே, எங்க கவுண்டி அரசியலைப் பேச ஒரு ஷோ ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ரேடியோல நேரம் வாங்குறதா, பாட்காஸ்ட் போதுமா?" என்றான். (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி.) போனில் பத்து நிமிஷம் உளறினேன். எழுதினால் ஒழுங்காக வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இண்டியானாவில் ஒரு சின்ன ஊரின் ஏ.எம். நிலையத்தில் சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பத்து வரை பேசுகிறேன். நாலாவது வருஷம் ஓடுகிறது. அதற்கு முன் இதே விஷயங்களைப் பதினாலு மாதம் பாட்காஸ்ட்டாகப் பேசிப் பார்த்தேன். மற்ற நாளில் எனக்கு வருமான வரிக் கணக்கு எழுதுகிற தொழில். எனவே செலவைப் பற்றி நான் அதிகம் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். சொந்தமாகச் செய்தியோ அரசியலோ பேச அனுமதி இல்லை. அதனால் 'டாக் ரேடியோ' என்றாலே நம்மவர்களுக்குப் பிடிபடுவதில்லை. அமெரிக்காவில் 1949 முதல் ஒரு விதி இருந்தது: சர்ச்சையான விஷயத்தை எடுத்தால் மறுதரப்புக்கும் இடம் தர வேண்டும். வானொலியை மேற்பார்க்கும் அரசு ஆணையமான எஃப்.சி.சி. 1987இல் அதை எடுத்துவிட்டது. மறு வருஷமே வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பா நியூயார்க்கிலிருந்து நாடு முழுக்கப் பேச ஆரம்பித்தார். நலிந்துகொண்டிருந்த ஏ.எம். நிலையங்களுக்கு அது மறுவாழ்வு. கன்சர்வேடிவ் என்பதை நான் வலதுசாரி என்றே எழுதுகிறேன். பழமைவாதி என்றால் என் மனைவி சிரிப்பாள்; எங்கள் வீட்டில் மாவு அரைப்பது நான்.

நாலு வழி இருக்கிறது. இரண்டைச் சீக்கிரம் தள்ளிவிடலாம்.

முதலாவது, நிலையமே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது. ஒரு காலத்தில் சாதாரணமாக நடந்தது. மைக் பென்ஸ் துணை அதிபர் ஆவதற்கு வெகுகாலம் முன்பு, தொண்ணூறுகளில், இதே இண்டியானாவில் டாக் ஷோ நடத்தியவர்தான். "காஃபீன் நீக்கிய ரஷ் லிம்பா" என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்வார். 1999இல் மைக்கை வைத்துவிட்டு, 2000 தேர்தலில் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, போனார். இன்று அந்த வேலை சின்ன ஊரில் அநேகமாக இல்லை. தேசிய ஷோக்களைப் பல நிலையங்கள் காசு கொடுக்காமலே வாங்குகின்றன. பதிலுக்கு ஷோவுக்குள் சில நிமிஷ விளம்பர நேரத்தை விட்டுக்கொடுத்தால் போதும். சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு உனக்கு யார் மாதச் சம்பளம் தருவார்கள்? பெரிய குழுமங்களே திணறிவிட்டன. கியூமுலஸ் 2017இல், ஐஹார்ட் 2018இல், ஆடாசி 2024இல் திவால் மனு போட்டவை.

இரண்டாவது, குறைந்த சக்தி எஃப்.எம். நூறு வாட், சுமார் மூணரை மைல் வட்டம். லைசென்ஸ் லாப நோக்கற்ற அமைப்புகளுக்குத்தான். விளம்பரம் கூடாது, இன்ன கடையின் உதவிக்கு நன்றி என்று சொல்லலாம், "இன்றே வாருங்கள், பத்து சதவீதத் தள்ளுபடி" என்று சொல்லக் கூடாது. சர்ச்சோ சங்கமோ பின்னால் இருந்தால் யோசிக்கலாம். எனக்கு இல்லை.

மிச்சம் இருப்பது பாட்காஸ்ட்டும் வாடகை நேரமும், அதாவது நிலையத்துக்கு நாமே காசு கட்டிப் பேசுவதும்.

பாட்காஸ்ட்டின் நல்லது கெட்டது எல்லாருக்கும் தெரியும். மைக் ஒன்று, மாதம் இருபது டாலர், பாதாள அறையில் ஒரு மூலை. கெட்ட வார்த்தை வந்தால் வெட்டலாம். எஃப்.சி.சி. எட்டிக்கூடப் பார்க்காது. பலர் கவனிக்காதது பாட்டு விஷயம். நிலையத்தில் இடைவேளைக்கு முன்னும் பின்னும் பத்து விநாடி சினிமாப் பாட்டோ ராக்கோ போட்டுக்கொள்ளலாம், நிலையம் வருஷச் சந்தா கட்டியிருக்கும். அதே பதிவை அப்படியே பாட்காஸ்ட்டாக ஏற்றினால் அந்த உரிமை கூட வராது. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பாட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஏற்றுகிறேன். ஆம், ரேடியோ முடிந்ததும் அதையே பாட்காஸ்ட்டாகவும் போடுகிறேன். என்னுடைய கேள்வி எது முதலில், எது கொசுறு என்பதுதான்.

இனி முக்கியமான இடம். ஷோவைத் தொடங்குவது கஷ்டமில்லை. அறுபதாவது வாரம் அது உயிரோடு இருக்குமா என்பதே பாடு. அதைத் தீர்மானிப்பது விளம்பரதாரர். எனக்குத் தெரிந்து வேறெதுவும் இல்லை.

என் கணக்கைத் திறந்தே வைக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு நிலையத்துக்கு நான் கட்டுவது 160 டாலர். முதல் ஆறு நிமிஷம் தேசியச் செய்தி, அதைத் தொட முடியாது. நாலு நிமிஷம் நிலையம் தன் விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ளும். மீதி ஐம்பதில் பத்து நிமிஷம் நான் விற்கிறேன். பேசக் கிடைப்பது நாற்பது. நாலு பேர் வாரத்துக்கு ஆளுக்கு 55 டாலர் தருகிறார்கள்: ஃபர்னேஸ் (குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) ரிப்பேர்காரர், டிராக்டர் டயர் கடை, இன்சூரன்ஸ் ஏஜென்ட், சவ அடக்க நிலையம். ஆக 220. வாடகை போக அறுபது மிச்சம். பெட்ரோல், டோனட் போக ஒன்றும் மிஞ்சாது. பணக்காரன் ஆகிற வழி இது இல்லை.

ஆனால் பாட்காஸ்ட் நாளில் இதே ஃபர்னேஸ்காரரிடம் போயிருக்கிறேன். போனில் எண்ணைக் காட்டினேன்: அந்த எபிசோடுக்கு 214 டவுன்லோடு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கைத் துணியில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இதுல நம்ம கவுண்டில எத்தனை பேரு?" பதில் இல்லை. ஒரு முப்பது பேர் கோயம்புத்தூரில் என் சொந்தக்காரர்கள் என்பது மட்டும் தெரியும். அவர்களுக்கு ஃபர்னேஸ் எதற்கு?

வேடிக்கை என்னவென்றால், ரேடியோவிலும் என்னிடம் எண் கிடையாது. எங்கள் நிலையம் நேயர்களை எண்ணும் நீல்சன் கம்பெனியின் கணக்கெடுப்பை வாங்குவதில்லை. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று நிலைய மேலாளருக்கே தெரியாது. ஆனால் ரேடியோ விளம்பரத்துக்குப் போனபோது ஃபர்னேஸ்காரர் எண் கேட்கவே இல்லை. காரணம், வேனில் போகும்போது அவரே கேட்கிறார். விதைக் கடையில் யாராவது "சனிக்கிழமை உன் பேரு வந்துச்சே" என்கிறார்கள். மூணாவது வாரம் ஒரு பாட்டி அவருக்குப் போன் பண்ணி, ரேடியோக்காரர் சொன்னார், வந்து பாருங்கள் என்றாராம். அந்த ஒரு பாட்டி எனக்கு ஒரு வருஷ ஒப்பந்தம்.

பாட்காஸ்ட்டில் எண்ணை வைத்து விற்க வேண்டும். உள்ளூர் ஷோவுக்கு அந்த எண் என்றைக்கும் சின்னதாகத்தான் இருக்கும். விளம்பர வலைப்பின்னல்கள் ஆயிரக்கணக்கில் எதிர்பார்க்கின்றன. எண்ணைக் கூட்டுவதற்காக வாஷிங்டன் சண்டையைப் பேச ஆரம்பித்தால் ஷோ உள்ளூர் ஷோவாக இருக்காது. எனக்கு நடந்தது அதுதான். பத்தாவது மாதம் திரும்பிப் பார்த்தேன், மூணு எபிசோடு தொடர்ந்து எங்கள் ஊர்ப் பெயரே இல்லை.

வாடகை கொடுப்பதால் வரும் கட்டாயம் எனக்கு நல்லதே செய்தது. டயர் கடைக்காரருக்குக் கலிஃபோர்னியாவில் என்ன நடந்தால் என்ன? அவருடைய வாடிக்கையாளர்களுக்குச் சொத்துவரியைப் பற்றிய பேச்சுதான் வேண்டும். இங்கே 2010இல் அரசியல் சாசனத்திலேயே வரம்பு எழுதிவைத்திருக்கிறார்கள்: குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பில் 1 சதவீதம், வாடகை வீட்டுக்கும் விளைநிலத்துக்கும் 2, மற்ற வணிகச் சொத்துக்கு 3. ஆனால் பள்ளி நிர்வாகம் வாக்கெடுப்பு வைத்து மக்கள் ஒப்புக்கொண்டால் அந்த வரி வரம்புக்கு வெளியே போகும். இதை ஒருமுறை விளக்கினேன், ஆறு போன் லைனின் விளக்கும் எரிந்தது.

அந்த ஆறு விளக்குதான் பாட்காஸ்ட்டில் வராத சரக்கு. பூன் கவுண்டியில் லீப் தொழிற்பேட்டைக்காக மாநில அரசின் அமைப்பே நிலம் வாங்கியதும், வாபாஷ் ஆற்றோர நிலத்தடி நீரைக் குழாய் போட்டு அங்கே கொண்டுபோகும் யோசனை 2023இல் கிளம்பியதும் பெரிய சண்டை. ஆளும் கட்சியும் குடியரசுக் கட்சி, கொதித்த விவசாயிகளில் முக்கால்வாசியும் அதே கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். தேசிய ஷோ எதுவும் இதைத் தொடாது. அவர்களுக்கு எதிரி எதிர்க்கட்சியில் இருக்க வேண்டும். உள்ளூர் வலதுசாரி ஷோவில் பாதி நேரம் சொந்தக் கட்சிக்காரனோடுதான் மல்லுக்கட்டு. ஒரு அக்டோபர் காலையில் ஒருவர் கம்பைன் இயந்திரத்துக்குள் இருந்தே கூப்பிட்டார். பின்னால் சோயா அறுக்கும் இரைச்சல். "ஒரு நிமிஷம் இருங்க சார், வரிசை முடிஞ்சுது, திருப்பிக்கிறேன்" என்றார். ஊரே காத்திருந்தது. திரும்பி வந்து தன் நிலத்தின் மதிப்பீட்டுச் சீட்டைப் படித்தார். பாட்காஸ்ட் என்றால் அந்த மௌனத்தை நானே வெட்டியிருப்பேன்.

இனி வாடகை நேரத்தின் தொல்லைகள். நான் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும்.

விளம்பரதாரர் பக்கத்துத் தெரு ஆள். பள்ளி வாக்கெடுப்பு வேண்டாம் என்று நான் இரண்டு வாரம் பேசினேன். ஒருவர் விளம்பரத்தை நிறுத்திவிட்டார். அவர் மனைவி ஆசிரியை என்பது எனக்குத் தெரியாது. சூப்பர்மார்க்கெட்டில் தக்காளி பக்கம் பார்த்தால் இப்போதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவர்மேல் தப்பில்லை.

அடுத்த அடி நான் எதிர்பாராதது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒரு பிப்ரவரியில் கவுண்டி கவுன்சிலுக்கு மனு போட்டார். அவர் விளம்பரத்தில் பேசுவது அவரே. 1934 தகவல் தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவுப்படி, வேட்பாளரின் குரல் அடையாளம் தெரியும்படி ஒலித்தாலே அவர் வானொலியைப் பயன்படுத்தியதாகக் கணக்கு. அவர் விற்பது பாலிசியாக இருந்தாலும் சரி. போட்டியாளர் ஏழு நாளுக்குள் சம வாய்ப்புக் கேட்கலாம். மேலாளர் அன்றே விளம்பரத்தை எடுத்துவிட்டார். வேறு குரலில் பதிவு செய்து திரும்பப் போட மூணு வாரம் ஆனது. ஆசிரியை வீட்டுக்காரர் விலகியதும் அதே குளிர்காலத்தில்தான். 220இல் 110 போய், வாரம் ஐம்பது டாலர் என் பையிலிருந்து கட்டினேன். பாட்காஸ்ட்டுக்கு இந்தச் சட்டம் இல்லை. தம்பிக்கும் தேர்தல் ஆசை இருந்தால் இங்கேயே யோசிக்கட்டும். நடத்துகிறவனே வேட்பாளர் ஆனால் மற்றவர்களும் ஈடான நேரம் கேட்கலாம். பென்ஸ் மைக்கை வைத்துவிட்டுப் போனது போல நாமும் போக வேண்டியதுதான்.

ஏ.எம். அலையின் குணம் ஒன்று. ராத்திரியில் மத்திய அலை அயனி மண்டலத்தில் பட்டு நூற்றுக்கணக்கான மைல் ஓடும். வேறு நிலையத்தோடு மோதாமல் இருக்க, எங்களைப் போன்ற சிறு நிலையங்கள் சூரியன் சாய்ந்ததிலிருந்து விடியும் வரை சக்தியைக் குறைத்தாக வேண்டும். இண்டியானாவில் டிசம்பர் கடைசியில் விடியவே எட்டு மணி ஆகும். எனக்கு முதலில் காலை ஏழு மணி இடம் சல்லிசாகக் கிடைத்தது, சந்தோஷமாக வாங்கினேன். குளிர்காலம் வந்ததும் புரிந்தது ஏன் சல்லிசு என்று: ஊர் எல்லை தாண்டினால் இரைச்சல். ஒன்பதுக்கு மாறியது அப்புறம்தான். நிலையத்துக்கு அதே நிகழ்ச்சியை எஃப்.எம். அலையிலும் தரும் துணை ஒலிபரப்பி இருந்தால் இந்தக் கவலை பாதி குறையும்.

கார்களில் ஏ.எம். இருக்குமா என்பது பெரிய கேள்வி. மின்சார மோட்டாரின் இரைச்சல் ஏ.எம். அலையைக் கெடுக்கிறது என்று சில கம்பெனிகள் எடுத்துவிட்டன. ஃபோர்டும் எடுப்பதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் 2023இல் பின்வாங்கியது. என் விளம்பரதாரர் நாலு பேரும் பிக்கப் டிரக் ஆட்கள், எனக்கு இன்னும் சில வருஷம் ஓடும். முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பிடிக்க வேண்டும் என்றால் என் அனுபவம் உதவாது. தினமும் மூணு மணி நேரம் பேசுகிறவர்களின் கணக்கும் வேறு. டல்லாஸ் மாதிரி பெரிய நகரத்தில் மணிக்கு என்ன வாடகை என்பதை அங்கேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். என் 160ஐ வைத்துத் திட்டம் போடாதே.

ஒப்பந்தத்தில் மூணு வரி பார். ஒன்று, எத்தனை நாள் நோட்டீஸில் உன்னை வெளியே அனுப்பலாம். எனக்கு முப்பது நாள். நிலையத்தை விற்றால் புது முதலாளி ஒரே ராத்திரியில் ஸ்பானிஷ் பாட்டுக்கு மாற்றலாம். இரண்டு, பதிவு யாருக்குச் சொந்தம். உனக்கு என்று எழுத்தில் இருந்தால்தான் பாட்காஸ்ட்டாக ஏற்ற முடியும். மூணு, அழைப்பைத் தாமதிக்கும் கருவியும் பட்டனும் யார் கையில். எங்களுக்கு எட்டு விநாடி. நாலு வருஷத்தில் நான் இரண்டு தடவை அமுக்கியிருக்கிறேன். ஒருவர் குடித்திருந்தார், இன்னொருவர் என் மாமனார், நேரலை என்று தெரியாமல் பேசிவிட்டார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூணு கடைக்காரர்களிடம் ஆறு மாதப் பணம் பேசி முடித்துக்கொள், தம்பி. அது முடிந்ததும் எனக்குப் போன் பண்ணு. சனிக்கிழமை காலை மட்டும் வேண்டாம்.