சட்டவாதமா, கன்ஃபூசியமா?

பண்டைய சீன ஆட்சிமுறைகளில் எது தேவலை, கடும் சட்டமும் தண்டனையும் கொண்டு ஆளும் சட்டவாதமா, ஒழுக்கமும் குடும்பப் பற்றும் கொண்டு ஆளும் கன்ஃபூசியமா என்று குழம்புபவர்களுக்கு:

அப்பா ஆடு திருடினால்?
கன்ஃபூசியஸ்: மகன் மறைப்பதிலும் நேர்மை உண்டு.
ஷாங் யாங் (சட்டவாத அமைச்சர்): ஐந்து, பத்து வீடுகள் ஒரு குழு; ஒருவர் குற்றத்தை மற்றவர் மறைத்தால் தண்டனை.

வேகம்?
சட்டவாதம்தான். கி.மு. 356 வாக்கில் அன்றைய சீன நாடுகளில் ஒன்றான சின்னில் ஷாங் யாங் தொடங்கிய சீர்திருத்தம், 221-ல் சீனாவையே அதன் கையில் கொடுத்தது. கன்ஃபூசியஸோ பதவி தேடி நாடு நாடாக அலைந்தார்.

ஆயுள்?
சின் பேரரசு சுமார் 15 ஆண்டுகள். கன்ஃபூசிய நூல்கள் 1905 வரை அரசுத் தேர்வுப் பாடம்.

தப்பியோடிய ஷாங் யாங்குக்கு, அடையாளச் சான்று இல்லை என்று விடுதிக்காரர் இடம் தரவில்லையாம். சட்டம் அவர் போட்டதுதான்!

போரில் ஜெயிக்கச் சட்டவாதம், ஜெயித்ததைக் காப்பாற்றக் கன்ஃபூசியம். சின்னுக்கு அடுத்து ஆண்ட ஹான் அரசர்கள் விவரமானவர்கள்: வெளியே கன்ஃபூசியம், உள்ளே பெரும்பாலும் சின் சட்டம்.